வெள்ளிக்கிழமைகளில் இறங்கும் முள்

"ஆரோ என்ரை வீட்டுத் தண்ணியைக் களவெடுக்கினம்" என்று சொல்லிக்கொண்டே பத்திநாதர் உள்ளே வந்தார்.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடைக்கும் பயண முகவர் நிலையத்துக்கும் நடுவே சொருகி வைத்தது போலிருந்தது கஜந்தினியின் கடை. அவள் கொதிகலன் திருத்துபவள், அதிகம் பேசாதவள். பேசும் பொறுப்பைக் கணவனின் தம்பி பிருந்தாபன் ஏற்றிருந்தான். நாற்பத்தொரு வயதில் உணவக வேலையை விட்டுவிட்டு அண்ணியிடம் சேர்ந்தவன். தான் குழாய் திருத்த வந்ததாக அவன் நினைக்கவில்லை. குற்றவாளி பிடிக்க வந்ததாகவே நம்பினான்.

"களவோ! ஆரிலை சந்தேகம்?" என்றான்.

"ஷோடியேரிலை, அந்தக் கொதிகலனிலை, பிரஷர் முள்ளு ஒண்டரையிலை நிக்கும். வெள்ளி இரவு பார்த்தா அரைக்கு இறங்கிக் கிடக்கும். வீடு விறைக்கும். நான் திரும்பத் தண்ணி விடுவன். அடுத்த வெள்ளி அதே கூத்து. முதல் வந்து பார்த்தவன் ஷோடியேரையே மாத்தச் சொல்லிப்போட்டான்."

"மற்ற நாளிலை?" கஜந்தினி கேட்டாள்.

"அசையாது, பிள்ளை."

"வெள்ளியிலை நீங்கள் எங்கை, அங்கிள்?"

"பின்னேரம் ரயிலேறிக் கார்ஜுக்குச் செபக்கூட்டத்துக்குப் போவன். ஒருநாளும் விடமாட்டன்."

அன்றும் வெள்ளிதான். செபக்கூட்டத்துக்கு நேரமிருந்ததால் மூவரும் உடனே போனார்கள். மூன்றாம் மாடியில் பத்திநாதரின் மனைவி இம்மாகுலேற் கதவு திறந்தார். திருத்த ஆள் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முகத்தில் அது தெரிந்தது.

கொதிகலனின் அடியில் ஈரமில்லை. குழாய் மூட்டுகள் உலர்ந்திருந்தன. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறைச் சுவர்களில் கொதிகலனின் சுடுநீர் ஓடும் ரேடியேற்றர்கள் ஒழுங்காகச் சுட்டன. நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு கதவு மட்டும் பூட்டியிருந்தது.

"அது மகன் சிரிலின்ரை அறை" என்றார் பத்திநாதர். "ரெண்டு வருஷமாப் பூட்டு. ஒருத்தரும் போறேல்லை."

"ஒருத்தரும் போறேல்லை" என்றார் இம்மாகுலேற், கேட்காமலே.

சிரிலுக்கு லியோனில் வேலை. முன்பெல்லாம் வாராவாரம் வீட்டுக்கு வருவான். இரண்டு வருடங்களுக்கு முன் ஆனைஸ் என்ற பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னான். தகப்பன் ஒரு வசனம் சொன்னார். மகன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். அதன் பிறகு அந்த வீட்டில் அவனைப் பற்றிய பேச்சே இல்லை. இம்மாகுலேற்றின் கண் மட்டும் அந்தக் கதவைத் தாண்டிப் போக மறுத்தது.

பத்திநாதர் திறப்பைக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தார். பிருந்தாபன் கட்டிலுக்கு அடியில் தேடினான். கஜந்தினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைக் கடிகாரத்தை. இரண்டிலும் மூன்று பத்து. ரேடியேற்றரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மேல் திருகு மூன்றாம் எண்ணில் இருந்தும் இரும்பு ஐஸாகக் குளிர்ந்தது. அதன் பின்னால் ஒரு கைலேஞ்சித் துணி, கறுப்புக் கறையோடு காய்ந்து விறைத்திருந்தது. நிலத்தோடு ஒட்டி, தண்ணீர் வெளியேறும் வால்வான கீழ்ப்பூட்டின் மூடியைக் காணவில்லை. பித்தளையில் குறடு கடித்த தழும்பு.

"எல்லாரும் இருங்கோ!" என்றான் பிருந்தாபன், இந்த வசனத்துக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவன் போல. சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டே பேர். ஒற்றைக் கட்டிலின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

"ஒழுக்குக்குக் கிழமை தெரியாது, அங்கிள்" என்றாள் கஜந்தினி. "வெள்ளியிலை மட்டும் தண்ணி குறைஞ்சா, அதை ஆரோ எடுக்கினம். இந்தக் கறுப்பு, ரேடியேற்றருக்குள்ளை கிடக்கிற ஊத்தைத் தண்ணி. உள்ளை காத்து அடைச்சாச் சூடேறாது; அந்தக் காத்தைத் திறந்துவிடுற ஆணியைத் திருகினால்தான் இது வரும். அன்ரி, காத்து வந்ததோ?"

இம்மாகுலேற் கையை நீட்டிக் கைலேஞ்சியை வாங்கி மடியில் வைத்தார். "இல்லைப் பிள்ளை. தண்ணிதான். செம்பு செம்பா வந்தது. ஆனாச் சூடாகேல்லை. இன்னும் காத்துக் கிடக்கெண்டு நினைச்சன்."

"ஏன் அன்ரி வெள்ளியிலை?" என்றான் பிருந்தாபன்.

"அவன் வெள்ளியிலைதானே வாறவன். குளிருக்குள்ளை வந்து படுக்கலாமோ?"

"எவ்வளவு எடுத்தாலும் சூடாகாது" என்றாள் கஜந்தினி மெதுவாக. "கீழ்ப்பூட்டை ஆரோ குறட்டாலை இறுக்கினவை. மேலாலை தண்ணி வரும். சுத்திப் போக வழியில்லை."

பத்திநாதர் தன் நகங்களைப் பார்த்தார். "அவன் போன அண்டைக்குக் கோவத்திலை இறுக்கினனான். பிறகு திறக்கேல்லை."

"அப்ப அறைக்குள்ளை வந்தது அன்ரி மட்டும்!" பிருந்தாபன் வழக்கை முடித்தான்.

"இல்லை. ஒக்டோபரிலை குளிர்காலத்துக்கு எல்லா மணிக்கூடும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைச்சது. பூட்டின அறையிலையும் மணிக்கூடு சரியா ஓடுது, ஆரோ மாத்தியிருக்கினம். அந்த உயரம் அன்ரிக்கு எட்டாது."

கட்டிலின் மறுமுனையில் பெருமூச்சு ஒன்று வெளிப்பட்டது. "சனியிலை இவ மீன் வாங்கப் போவா. நான் சும்மா வந்து இருப்பன்" என்றார் பத்திநாதர். "நேரம் பிழையாக் கிடந்தா, வந்தவன் திரும்பிப் போற ரயிலை விட்டிடுவான்."

ஒரு வீட்டில் இரண்டு கள்ளர், ஒரே திறப்பு, முறை வைத்து வேலை. களவு போனது சில செம்பு கறுப்புத் தண்ணீர் மட்டும்.

கஜந்தினி குனிந்து கீழ்ப்பூட்டைத் திறந்தாள். குழாய்க்குள் தண்ணீர் நகரும் ஓசை கேட்டது. இரும்பு 'டிக், டிக்' என்றது. பத்திநாதர் எழுந்து ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

இம்மாகுலேற் கைத்தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினார். பார்த்து அழுத்தவில்லை, மனப்பாடம். எதிர்முனையில் ஒரு பெண் குரல், "அலோ?" என்றது. இம்மாகுலேற் உடனே தொலைபேசியைக் கணவரிடம் நீட்டினார்.

"அறை சூடாகுது" என்றார் பத்திநாதர், தமிழில். "சிரிலுக்குச் சொல்லு."

அந்தக் குரல், பழகிப் பழகி அடுக்கிய தமிழில் கேட்டது: "சிரில் மட்டுமோ, மாமா? நானும் வரலாமோ?"

பத்திநாதர் மனைவியைப் பார்த்தார். ஒற்றைக் கட்டிலைப் பார்த்தார். கடைசியில் கஜந்தினியிடம் திரும்பி, தொழில்நுட்பச் சந்தேகம் கேட்பவரைப் போல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளை, இந்த ஒரு ரேடியேற்றர் ரெண்டு பேருக்குக் காணுமோ, சூடு போதுமோ?"

"தாராளமாக் காணும், அங்கிள்."

"காணுமாம்" என்றார் தொலைபேசியில்.