துவைக்காத சட்டை

இரண்டாவது நாளாக மழை விடவில்லை. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கால்பந்து அணியின் முதலாளி உடைமாற்றும் அறையில் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே எடுபடவில்லை.

"ஒன்பது வருஷம், ஒன்பது கோப்பை! எல்லாம் ஒரே சட்டையால. முதல் தடவை ஜெயிச்சப்ப கோல்கீப்பர் போட்டிருந்த கறுப்புச் சட்டை. துவைச்சா ராசி போயிடும்னு நான் தண்ணியே பட விடல. இன்னிக்குக் காலைல பூட்டைத் திறந்தா அலமாரி காலி!"

ஒரு சட்டைக்காகவா இந்த அமர்க்களம்? முதலாளி வரவழைத்திருந்த துப்பறியும் அக்காவுக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. கூட வந்த தம்பியோ, நாற்பது வயதில் வங்கி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா பின்னால் அலைகிறவன், அதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டான்.

"சாவி யார்கிட்ட?" என்றாள் அக்கா.

"என் கழுத்துலதான். இறுதி ஆட்டத்தன்னிக்கு மட்டும்தான் திறப்பேன்." முதலாளி மூலை பெஞ்சில் இருந்த கோல்கீப்பரை நோக்கிக் கை நீட்டினார். "முதல் வருஷமே அரிக்குதுன்னு புலம்பினவன் இவன். சட்டை வரலைன்னா இன்னிக்கு இவன் ஆட மாட்டான்."

கோல்கீப்பர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது, இன்றைக்குத்தான் கடைசி ஆட்டம். பக்கத்தில் அணியின் துணிமணிகளைக் கவனிக்கும் உடுப்புக்காரர் ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

"காலி அலமாரிக்கு எதுக்குங்க கைக்குட்டை?"

"ஒன்பது வருஷ வேர்வைம்மா! சட்டையை எடுத்துக் குடுக்கறப்பவும் இப்படித்தான்."

அக்கா தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். மர வாசனை மட்டும்தான் வந்தது.

"பூட்டுல ஒரு கீறல்கூட இல்லக்கா. மாயமா இருக்கு!" என்றான் தம்பி.

"மாயமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கீல்ல இருக்கற திருகாணியைப் பாரு."

வெளிப்பக்கக் கீல்களில் ஒவ்வொரு திருகாணியின் தலையும் மழுங்கத் தேய்ந்திருந்தது.

"இந்த மழையில இங்க சூடான இடம் எது?" என்று கேட்டாள்.

"வெந்நீர்க் கொதிகலன் அறை," என்றார் முதலாளி எரிச்சலாக. தம்பி ஓடினான். ஐந்து நிமிடத்தில் இன்னும் ஈரம் காயாத கறுப்புச் சட்டையோடு திரும்பி வந்தான்.

"ஒரு தடவை கழட்டினா திருகாணி இப்படித் தேயாது," என்றாள் அக்கா. "வருஷா வருஷம் கதவையே கழட்டியிருக்காங்க. உள்ள வேர்வை நாத்தமே இல்ல. அப்படின்னா வருஷா வருஷம் ஆட்டம் முடிஞ்சதும் ஒரு தடவை, அடுத்த இறுதி ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சு, திரும்ப வெச்சிருக்காங்க. நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டதால தெரியல. இந்தத் தடவை மழை. காயல, வைக்க முடியல. இங்க துணி துவைக்கறவர் யாரு?"

உடுப்புக்காரர் கையிலிருந்த துண்டு நழுவியது.

"நான்தாங்கய்யா. நம்ம கோல்கீப்பருக்குத் தோலெல்லாம் புண்ணாயிருச்சு. மனசு கேக்கல, ரெண்டாவது வருஷம் துவைச்சுட்டேன். ஜெயிச்சாங்க. அப்புறம், துவைக்காம விட்டா தோத்துடுவாங்களோன்னு பயம் வந்துருச்சு."

முதலாளி தொப்பென்று உட்கார்ந்தார். "எட்டுக் கோப்பை... துவைச்ச சட்டையிலயா?" சற்று யோசித்தார். முகம் தெளிந்தது. "அப்ப துவைச்சாத்தான் ராசி! இனிமே யாரும் தொடக்கூடாது, நானே துவைக்கறேன். போடுடா அதை!"

அக்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கோல்கீப்பர் எழுந்தார். கூடையிலிருந்து ஏதோ ஒரு சட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டார்.

"டேய், தோத்துடுவோம்டா!"

"ஒன்பது வருஷமா பந்தைப் பிடிச்சது நான் ஐயா. ஒரு நாளாவது அதைச் சொன்னீங்களா? இன்னிக்குத் தோத்தா, என்னாலதான்னு சொல்லுங்க. ஜெயிச்சாலும் அதையே சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் மழையில் இறங்கி மைதானத்தைப் பார்த்து நடந்தார்.