திருநீற்றில் உறங்கிய மை

அப்படியொரு கறுப்பை வேணுகா தன் பத்து வயதில் கண்டதேயில்லை. சன்னல் வெளிச்சம் முழுவதையும் அது விழுங்கிவிட்டதோ என்று தோன்றியது.

ஜப்பானில் மைக்கட்டி செய்யும் ஹருகோ அம்மையார், பனி கொட்டும் வெளிநாட்டு ஊரான டீட்டிகோனில் உள்ள அவளுடைய வகுப்புக்கு வந்திருந்தார். எண்ணெய் விளக்குகளில் சேர்த்த புகைக்கரியில் பசை கூட்டி, மாவைப்போல் பிசைந்தார். வகுப்பே எட்டி எட்டிப் பார்த்தது.

“குப்பியில் விற்பது மட்டுந்தான் மை என்று நினைத்தீர்களா? இது காய்ந்து கல்லாகும். நீர் விட்டு உரைத்தால், நூறு ஆண்டுக்குப் பின்னும் எழுதும்!” என்றார் அம்மையார்.

வெதுவெதுப்பான மையுருண்டை ஒன்றை வகுப்புக்கென்று கொடுத்தார். அதைக் கைக்குள் பிடித்து உருக்கொடுப்பது யார் என்று குலுக்கியதில், சீட்டு வேணுகாவுக்கு விழுந்தது. இறுகப் பிடித்துக் கையைத் திறந்தாள். நான்கு விரல்களின் பள்ளங்களும் தோலின் நுண்ணிய கோடுகளும் அப்படியே பதிந்திருந்தன.

“என்ர கை நூறு வருசம் இருக்கப்போகுதோ!” என்று மலைத்தாள்.

இடைவேளையில்தான் வினை வந்தது. மை விரைவில் காயட்டும் என்று வகுப்புத் தோழன் டினேஸ் அதை ஹீட்டரின்மேல் வைத்துவிட்டான். ஈரக் கையுறைகளை அவன் நாள்தோறும் காயவைக்கும் இடம் அதுதானே! மணி அடிப்பதற்குள் மையில் வெடிப்புகள் ஓடிவிட்டன.

“அது என்ன பேக்கரிப் பாணோடா, சூடாக்க? பழுதாக்கிப்போட்டாய்!” என்று பானுஜன் கத்தினான். டினேசின் கண்கள் நிறைந்தன.

அம்மையார் சினக்கவில்லை. “உள்ளே ஈரம் இருக்கிறது, மீண்டும் பிசையலாம். ஆனால், இதைச் சாம்பலில் புதைத்து மெல்ல உலர்த்தவேண்டும். என் சாம்பல் பெட்டி வந்துசேரவில்லை. யார் வீட்டிலாவது சாம்பல் உண்டா?”

வகுப்பு சிரித்தது. மின்னடுப்பு எரியும் வீடுகளில் சாம்பலுக்கு எங்கே போவது?

வேணுகா மட்டும் சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடினாள்.

“அம்மா, திரிம்பாக் கோயில் திருநீறு முழுதும் வேணும்!”

“முழுதுமோ? ஆருக்கடி பூசப்போறாய்?”

“மைக்கு.”

அம்மா மூக்கின்மேல் விரலை வைத்தார். வேணுகா நடந்ததைச் சொன்னாள்.

“அந்தப் பிள்ளை அழுதவனோ? இந்தா, கொண்டு போ. வெள்ளிக்கிழமை கோயிலில வாங்குவம்.”

பிற்பகலில் அம்மையார் மையை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் இளக்கிப் பிசைந்து, வேணுகாவிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

“இந்த முறை டினேஸ் பிடிக்கட்டும்.”

டினேஸ் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிடித்தான். “மெல்லமாப் பிடியடா,” என்றான் பானுஜன்.

மையைத் திருநீற்றுக்குள் புதைத்துவைத்துவிட்டு அம்மையார் நாடு திரும்பினார். பிள்ளைகளோ ஒரு மாதம் நாள்தோறும், மையின் ஈரத்தை உறிஞ்சிய திருநீற்றை உலர்த்தி மாற்றிவந்தார்கள். கடைசி நாளில் வேணுகா மையை வெளியே எடுத்தாள். ஒரு வெடிப்புக்கூட இல்லை! அந்தக் கறுப்புக் கல்லில், டினேசின் விரல் பள்ளங்களெல்லாம் வெள்ளைக் கோடுகளாக மின்னின.

“மையும் திருநீறு பூசியிருக்கு!” என்றான் பானுஜன்.

“மூண்டு கோடெல்லோ பூசுறது? இதில நாலு இருக்கே!” என்றாள் வேணுகா.

டினேஸ் தன் கையை ஒருமுறை விரித்துப் பார்த்தான்.

“மூண்டு சாமிக்கு. மிச்சம் ஒண்டு என்ர,” என்றான்.