எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பெட்டி

சோரனுக்கு டுவைட் போட்ட விலை எழுபத்தைந்து டாலர்.

பாவம், டுவைட்டுக்கு அது தெரியாது. அவர் டுலூத்தில் டிவி விற்கிற மனிதர். வீட்டிலிருக்கும் பழைய பெரிய திரைப் பெட்டிக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன கொடுப்பீர்கள் என்று லோவெல் கேட்டார். டுவைட் ஒரு தொகை சொன்னார். இருபத்தாறு வருடமாகப் பழைய கார் விற்றுப் பிழைக்கிறவர் லோவெல். எழுபத்தைந்தை நூற்றைம்பதாக்க அவருக்கு ஐந்து நிமிடம் அதிகம். அன்று பேரமே பேசாமல் தலையாட்டினார். ஏதோ சரியில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

"பேரம் பேசாத கார் வியாபாரிய இன்னிக்குத்தான் பாக்குறேன். உடம்பு நல்லாத்தானே இருக்கு, லோவெல்?" என்றார் டுவைட்.

"அந்தப் பெட்டி எனக்கு ஆகல. நேரா சோபால உக்காந்தாத்தான் படம். எந்திரிச்சா இருட்டு. தரையில உக்காந்தாலும் இருட்டு."

"அந்த ஜாதியே அப்படித்தான். கீழ மூணு பிக்சர் டியூப், பின்னால ஒரு கண்ணாடி. டியூப் வெளிச்சத்த மேல அடிக்கும், கண்ணாடி அதத் திரைக்குத் திருப்பும். மிச்சமெல்லாம் வெறும் காத்து. ரெண்டடி ஆழத்துக்குக் காத்த வீட்டுல வெச்சிருக்கீங்க. வாடகைக்கு விட்டா ஒரு ஆள் குடியிருப்பான்."

லோவெல் சிரிக்கவில்லை.

"இதப் பாருங்க, பிளாஸ்மா. நாலு அங்குலம். செவுத்துல படம் மாட்டுற மாதிரி மாட்டிடலாம். எங்க நின்னாலும் ஒரே படம். விலைதான் கொஞ்சம் கடிக்கும். ரெண்டாயிரத்து நானூறு."

"உள்ள இடமே இல்லையா?"

"எலிகூட நுழையாது."

லோவெல் செக் புத்தகத்தை எடுத்தார். எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

பழைய பெட்டி வீட்டுக்கு வந்து ஏழு வருடம். மகன் சோரனுக்கு அப்போது ஒன்பது வயது. மருத்துவமனையில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டான். கடையிலிருந்ததிலேயே பெரியதை லோவெல் கடனுக்கு எடுத்துவந்தார். சோரன் ஒருநாளும் சோபாவில் உட்காரவில்லை. கம்பளத்தில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மோவாயைக் கைகளில் தாங்கி, முடி கொட்டிய தலையில் சிவப்புத் தொப்பியோடு, திரைக்கு மூன்றடி தள்ளிக் கிடப்பான். மங்கலாகத் தெரியுமே என்றால், "எனக்குத் தெரியுதுப்பா," என்பான். அந்த வருடம் மார்ச் மாதமே போய்விட்டான்.

இந்த நவம்பரிலிருந்து மனைவி மார்லிஸ் அந்த இடத்தில் உட்காரத் தொடங்கினாள்.

சாயங்காலம் நாலரைக்கு ஏரிமேல் இருட்டிவிடும். ஜன்னலில் பனி தட்டும் நேரத்தில், சத்தத்தை முழுக்கக் குறைத்து டிவியைப் போடுவாள். பெட்டி மெதுவாக முனகத் தொடங்கும், சூடேறிய தூசியின் வாசனை கூடத்தில் பரவும், அவள் கம்பளத்தில் இறங்கிக் கால்களை மடக்கிக்கொள்வாள். சாப்பாட்டு நேரம் தாண்டும். டியூனா மீன் போட்டுச் சுட்ட நூடுல்ஸ் பாத்திரத்திலேயே காய்ந்து ஓரம் கறுத்துக் கிடக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து வருவாள், விரல்கள் ஐஸாக. கிறிஸ்துமஸுக்குள் இருபது பவுண்டு இளைத்திருந்தாள். கல்யாண மோதிரம் கழன்று விழுகிறதென்று நூல் சுற்றி மாட்டியிருந்தாள். மகனைக் கொடுத்த வீட்டிலிருந்து இவளையும் கொஞ்சம் கொஞ்சமாக யாரோ எடுத்துப் போவதை லோவெல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்கேருந்து படம் தெரியாதே, மார்லிஸ்."

"தெரியாதுதான்," என்றாள். "அதுக்குத்தான் அங்க உக்காருறேன்."

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது லோவெல் இறங்கி உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் முறுமுறுத்தன. சோபாவிலிருந்து பார்த்தால் பளிச்சென்றிருக்கும் ஹாக்கி மைதானம் தரையிலிருந்து அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. மூன்று டியூபும் எப்போதோ ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டதால், ஓடுகிற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் ஒரு சிவப்பு ஓரம், வலப்பக்கம் ஒரு நீல ஓரம். அந்தச் சாம்பலுக்குப் பின்னால், கொஞ்சம் ஆழத்தில், ஒருவன் குப்புறப் படுத்திருந்தான்.

முழங்கைகள் ஊன்றியிருந்தன. மோவாய் கைகளில். தொப்பி.

அவனுக்கு ஓரமே இல்லை. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. திரையில் அவன் ஒருவன்தான் தெளிவாக இருந்தான்.

அவன் வாய்க்கு நேரே திரையின் உள்பக்கத்தில் மூச்சுக்காற்று மூடுபனி போட்டது. மறைந்தது. மறுபடி போட்டது. லோவெல் அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பையன் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளைத் தாண்டி, அம்மா வந்துவிட்டாளா என்று பார்த்தான்.

அன்றிரவு லோவெல் தூங்கவில்லை. பயந்தார், உண்மைதான். அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது: ஏழு வருடம் கழித்தும் பையன் தன்னைத் தேடவில்லை. விடிந்ததும் கணக்காக யோசித்தார். பெட்டிக்குள் இடம் இருக்கிறது, இருப்பதால் இருக்கிறான். இடத்தை இல்லாமல் செய்துவிட்டால் மார்லிஸ் மிஞ்சுவாள். இருவரில் ஒருவரையாவது வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் டுவைட் முன்னால் போய் நின்றார்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். மார்லிஸ் அழுது அடம்பிடிப்பாள் என்று லோவெல் பேச்செல்லாம் தயார்செய்து வைத்திருந்தார். அவள் சமையலறை வாசலில் துணியில் கை துடைத்தபடி நின்றாள்.

"கொண்டுபோகட்டும்," என்றாள். "பெட்டில என்ன இருக்கு?"

ஆட்கள் குனிந்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி பொசுக்கென்று மேலே வந்ததில் பின்னால் நின்றவன் தடுமாறினான்.

"இருநூத்தம்பது பவுண்டுன்னு முதுகு பட்டையெல்லாம் கட்டிட்டு வந்தோமே! உள்ள இருந்ததெல்லாம் எடுத்துட்டீங்களா சார்?"

"நாங்க எதையும் தொடல," என்றார் லோவெல்.

"யாரோ எடுத்துட்டாங்கப்பா," என்று சொல்லிச் சிரித்தபடி ஒருவனே முட்டுக்கொடுத்து அதை வாசல் தாண்டிக் கொண்டுபோனான்.

பிளாஸ்மாவைச் சுவரில் மாட்டிவிட்டு அவர்கள் கிளம்பியதும் மார்லிஸ் நூடுல்ஸைச் சூடாக்கினாள். ஒரு தட்டு சாப்பிட்டாள். இன்னொரு தட்டு வைத்துக்கொண்டாள். லோவெல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் மெல்லுவதையே பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்குற? சாப்பிடுறதுக்கும் உன்கிட்ட லைசென்ஸ் வாங்கணுமா?"

மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாயிரத்து நானூறுக்கு இதைவிட மலிவாக உலகத்தில் யாரும் எதையும் வாங்கியதில்லை என்று லோவெல் நினைத்தார். டிவியைப் போடக்கூடத் தோன்றவில்லை. வெளியே வெளிச்சம் வடிந்தது. பனி ஜன்னலில் மெல்ல உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது நாலரை தாண்டியிருந்தது.

பழைய திரை துணி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். எதையும் திருப்பிக் காட்டாது. இது முழுக் கண்ணாடி. அணைந்து கிடந்த கறுப்புக்குள் கூடம் மொத்தமும் இருந்தது. விளக்கு. ஜன்னல். சோபா. சோபாவில் அவர். பக்கத்தில் மார்லிஸ்.

கம்பளத்தில் ஒருவன். குப்புற.

லோவெல் கம்பளத்தைப் பார்த்தார். யாரும் இல்லை. கம்பளத்தின் மயிரில் இரண்டு குழிகள். முழங்கை அளவு.

கண்ணாடியைப் பார்த்தார். பையன் இருந்தான்.

பெட்டியில் மட்டும் குடியிருந்தவன் இல்லை அவன். ஏழு வருடமாக இந்தக் கம்பளத்திலும்தான். இவர்கள் கால்களுக்கு அருகில். படம் பார்த்துக்கொண்டு.

கண்ணாடியில் மார்லிஸ் எழுந்தாள். இங்கே அவர் கைக்குள் அவள் விரல்கள் இன்னும் இருந்தன. குளிர்ந்திருந்தன. இறுக்கிப் பிடித்தார். அங்கே அவள் கம்பளத்தில் இறங்கினாள். கால்களை மடக்கினாள். பையன் தலையை அவள் மடியில் வைத்தான்.

"மார்லிஸ்."

பக்கத்தில் திரும்பினார். சோபா மெத்தையில் ஒரு பள்ளம். அது மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. கையை விரித்தார். நூல் சுற்றிய மோதிரம்.

சமையலறையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாடியில் கூப்பிட்டார். வாசல் கதவு உள்தாழ் போட்டிருந்தது. வெளியே பனியில் ஆட்களின் பூட்ஸ் தடம் மட்டும். வேறு தடமில்லை. திரும்பி வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் மார்லிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கம்பளத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

சத்தம் இங்கே கேட்டது.

லோவெலுக்கு எண்ணத்தான் தெரியும். எண்ணினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

கண்ணாடியில் மூன்று பேர். அறையில் ஒருவர்.