சொல்லிக்கொள்ளாமல் எடுக்க வேண்டிய கார்

மெட்டில்டா அம்மாள் அவனை “வாங்க” என்று கூப்பிடவில்லை.

எலியேசருக்கு முதலில் உறுத்தியது அதுதான். பகையாளி வந்து வாசலில் நின்றால்கூட அந்த ஒரு சொல்லுக்குப் பஞ்சம் வைப்பதில்லையே நாம். அந்த அம்மாளோ, வண்டலூரில் மாந்தோப்புக்குள் ஒளிந்தாற்போல் இருந்த தன் பழைய ஓட்டு வீட்டின் படியில் நின்றபடி சாவியை நீட்டினாள். அவ்வளவுதான். காப்பி குடிக்கிறீர்களா என்றில்லை, மழை வரும்போல இருக்கே என்றில்லை. ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். மாமரங்களுக்கு அடியில் வெளிச்சம் அதற்குள் வற்றிப்போயிருந்தது.

கொட்டகையில் கார் நின்றது. மிளகாய்ப்பழச் சிவப்பில், மூக்கு நீண்ட எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். கம்பிச் சக்கரங்கள், இரண்டே சீட்டு. கான்வாஸ் கூரை எப்போதோ கிழிந்துபோய், பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒருமுறை சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்த நாளிலிருந்து எலியேசருக்கு இந்த ஜாதிக் கார்மேல் பித்து. அறுபத்தெட்டாம் வருஷம் மெட்ராஸில் மருந்துக் கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். அவன் மனைவி ஞானஜோதி சிரிக்கவே செய்தாள். “மூணு பேர் குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு. நான் என்ன, பானெட்மேல குந்திக்கிட்டு கோயிலுக்கு வரணுமா?” என்றாள். ஆனால் மகள் சுகிர்தா சிரிக்கவில்லை. கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை, ஆறு வயது. சிட்லபாக்கத்து வீட்டு வாசலில் நல்ல கவுன் போட்டுக்கொண்டு, முதல் சவாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்றேன், கேளுங்க தம்பி,” என்றாள் மெட்டில்டா அம்மாள். “வண்டியை எடுத்ததும் திரும்பிப் பாக்காதீங்க. போயிட்டு வரேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. சாவு வீட்டிலேர்ந்து போறாப்பல, பேசாம போயிடுங்க.”

“சார் காலமாகி வருஷம் ஆயிடுச்சுன்னு சொன்னீங்களேம்மா?”

“வீட்டுக்கு ஆயிடுச்சு. வண்டிக்கு ஆகலை.”

துக்கம் கேட்கப் போன வீட்டில் யாரும் “போயிட்டு வரேன்” என்று சொல்வதில்லை. வேதக்காரர்களானாலும் சரி, மற்றவர்களானாலும் சரி, பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். எலியேசருக்கும் அது தெரிந்ததுதான். பாவம், புருஷன் நினைப்பு இன்னும் ஆறவில்லை என்று எண்ணிக்கொண்டு தலையாட்டினான்.

எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வண்டி வீட்டைச் சுற்றி வெளியே வரும்போது, பக்கவாட்டு ஜன்னலின் கொசுவலைக்குப் பின்னால் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

எலியேசரின் தொழில் அப்படிப்பட்டது. டாக்டர் வீட்டுப் படி ஏறினால், இறங்கும்போது கம்பவுண்டரிலிருந்து ஆயா வரைக்கும் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு இறங்கவேண்டும். அந்த வாய்க்கு யோசிக்கத் தெரியாது.

“வரேங்க சார்! சிட்லபாக்கம் ஏரிக்கரைதான் நம்ம வீடு. அவசியம் வாங்க. பாப்பா சந்தோஷப்படுவா!”

படியில் நின்றிருந்த மெட்டில்டா அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“அதோ, ஜன்னலாண்ட உக்காந்திருக்காரே...”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. “இந்த வீட்ல நான் ஒருத்திதான் தம்பி,” என்றாள் மெல்ல. பிறகு உள்ளே போனாள். அவ்வளவு எஞ்சின் சத்தத்திலும் தாழ்ப்பாள் விழுந்தது அவனுக்குக் கேட்டது.

நாற்காலி காலியாக இருந்தது.

கண் ஏமாற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அந்தி நேரம், வலைக்குப் பின்னால் துணி கிணி தொங்கியிருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, புளியமரங்கள் இரு பக்கமும் ஓடத் தொடங்கி, காற்று சட்டைக்குள் புகுந்ததும், மனிதன் எல்லாவற்றையும் மறந்துதான் போனான். கைக்குள் ஒரு குதிரை அடங்கி ஓடுகிற சுகம். ஒரே ஒரு குறை. வண்டி இடப்பக்கமாக இழுத்தது. டயரில் காற்று குறைவோ என்று பார்த்தால் அப்படியும் இல்லை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒருபக்கம் சாய்வதுபோல், ஒவ்வொரு பள்ளத்திலும் இடப்பக்க ஸ்பிரிங் முனகியது. அவன் பக்கத்து ஸ்பிரிங் முனகவில்லை.

பெருங்களத்தூரைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. நனைந்த புளிய இலை வாசனை, முன்னால் போன லாரியின் டீசல் புகை, ஈரமாகிற பழைய தோலின் வாடை என்று ஒவ்வொன்றாக மூக்கில் ஏற, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை நிதானமாக எழுந்து வந்தது. அவனுக்குப் பழக்கமான வாசனை. யூகலிப்டஸ் தைலம், பார்லி கஞ்சி, மாற்றாத படுக்கை விரிப்பு. நாள்பட்ட நோயாளி படுத்திருக்கிற அறையின் மூச்சு. எத்தனையோ வீட்டில் திரையை விலக்கினதும் முகத்தில் அடித்திருக்கிறது. ஆனால் இது திறந்த வண்டி. எதிர்காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. வாசனை மட்டும் அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

எலியேசர் இடது கையைப் பக்கத்து சீட்டில் வைத்தான். அவன் தொடை, தோள், தலை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சீட்டு காய்ந்திருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தக் காரின் முன்கண்ணாடியில் மழை துடைக்கும் வைப்பர் இரண்டு. வலப்பக்கத்தை ஓட்டுகிறவன் பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்கத்துக்குத் தனியாக ஒரு திருகு, அங்கே உட்காருகிறவர் கைக்கு எட்டும்படியாக. இரும்புலியூர் இருட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது அந்தத் திருகு மெல்லச் சுழன்றது. வைப்பர் ஒருமுறை போய், ஒருமுறை வந்தது. துடைத்த இடத்தில், ஒரு ஆள் முகம் இருக்கும் உயரத்தில், உட்பக்கமாக வெள்ளை வட்டம் ஒன்று படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

மூச்சு.

பாதையைப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

தாம்பரம் மார்க்கெட்டின் வெளிச்சத்தைக் கண்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஓடுகிற ஜனம், பூக்காரிகளின் கூப்பாடு, டீக்கடை ரேடியோ. இங்கேயே வண்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டால் என்ன? திரும்பி வண்டலூருக்கே போனால்? அந்தத் தாழ்ப்பாள் இனி திறக்காது. நிறுத்த இடம் தேடினான். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கி விரட்ட, இரண்டு சைக்கிள்காரர்கள் காரைப் பார்த்து விசிலடிக்க, கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. வெளிச்சம் பின்னால் போய்விட்டது. அப்புறம்தான், என் கண்ணுகளா, அந்த எண்ணம் அவனுக்கு முழுசாக வந்து உறைத்தது.

நான் பயப்படுவது கிடக்கட்டும். இவரை நான் எங்கே அழைத்துப்போகிறேன்? பிள்ளை வாசலில் நிற்கிற வீட்டுக்கு.

சானடோரியம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றதும், காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்து மழைக்கு ஒதுங்கியிருந்த மீன்காரி ஒருத்தி காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கோவளத்து மீனை இந்தத் தெருக்களுக்குக் கொண்டுவரும் முனியம்மா. ஞானஜோதியிடம் வாடிக்கை.

“இன்னா சார், புதுசா? காரு கீது, கூரயக் காணோம். எங்க வூடு மாதிரியே கீதே!”

அவள் சிரிப்பில் அவனுக்கு உயிர் வந்தது. பேச்சுக் கொடுக்கவேண்டும், மனிதக் குரல் கேட்கவேண்டும் என்று, “இன்னிக்கு என்ன மீனு முனியம்மா?” என்றான்.

“எல்லாம் வித்துப்பூட்சி. அத்த வுடு சார். பெரியவருக்கு ஒரு துண்டாவது போத்தி வுடக்கூடாதா? வயசான மனுசன், எப்டி வெடவெடன்னு நடுங்கிகினு கீறாரு பாரு.”

எலியேசர் திரும்பவில்லை.

மின்சார ரயில் தடதடவென்று வந்தது. ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்துக்கொண்டே போயிற்று. அவள் குனிந்து, இடது சீட்டின் பக்கம் காதைக் கொடுத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ரயில் ஓய்ந்ததும் நிமிர்ந்தாள்.

“ஏன் சார், காது கேக்கலியா உனக்கு? வூடு இன்னும் எம்மாந்தூரம்னு அப்போலேர்ந்து கேட்டுகினே கீறாரு. பாப்பா தூங்கிடப் போவுதாம்.”

கேட் திறந்தது.

எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் தெருவில் திரும்பவில்லை. நேராக விட்டான். தார் ரோடு போய் மண் ரோடு வந்தது. ஏரிக்கரை. பனைமரங்கள். தவளைச் சத்தம். கரையின் கோடியில் சக்கரம் சேற்றில் புதைந்து வண்டி நின்றது. எஞ்சினை அணைத்தான். சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான்.

தவளைகளும் நிறுத்திக்கொண்டன.

பக்கத்தில் மூச்சு. இழுத்து, நின்று, விடுகிற மூச்சு.

வராதீங்க என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஒரே சொல். பிறந்ததிலிருந்து எவரிடமும் அவன் சொல்லியிராத சொல். யாராயிருந்தால் என்ன, வயசானவர், வா என்று கூப்பிட்டவனும் அவனே. ஜெபம் ஒன்றைத் தேடினான். வரவில்லை. முகத்தைத் திருப்பாமலே, காலி சீட்டுக்குக் கைகூப்பினான்.

“சார்... மன்னிக்கணும். இப்ப வேணாம் சார். அப்புறமா... அப்புறமா வாங்க.”

மூச்சு நின்றது.

கதவைத் திறந்து இறங்கினான். ஓடினான். கரைச் சரிவில் இரண்டு இடத்தில் விழுந்தான். செருப்பு போயிற்று. பின்னால் காலடிச் சத்தம் ஏதும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், இல்லவே இல்லை. ஏரிப்பக்கம் அவன் வீட்டுக்குக் கொல்லைக் கதவு. கிணற்றைச் சுற்றி, துவைகல்லில் இடித்துக்கொண்டு, அடுக்களை வெளிச்சத்தில் போய் விழுந்தான்.

தாளித்த கடுகின் வாசனை. அடுப்பில் குழம்பு. அதன் எதிரில் ஞானஜோதி, கையில் கரண்டியோடு. கர்த்தாவே, வீடு வீடாகத்தான் இருந்தது.

“என்னங்க இது கோலம்! ஏன் கொல்லை வழியா வரீங்க?”

“ஒண்ணுமில்ல. வண்டி ரிப்பேர். ஏரிக்கோடியில விட்டுட்டு வந்துட்டேன். காலையில ஆளைக் கூட்டிட்டு...” அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. “பாப்பா எங்க? தூங்கிட்டாளா?”

“விளையாடாதீங்க,” என்றாள் அவள், துண்டை எடுத்து அவன் தலையில் போட்டுக்கொண்டே. “இப்பத்தானே வாசல்ல ஹாரன் அடிச்சீங்க? அப்பா வந்தாச்சுன்னு அவ ஓடினாளே.”

பைக்குள் கைவிட்டான். சாவி இருந்தது. சில்லென்று இருந்தது.

கூடத்தைக் கடந்தான். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. தெருவிளக்கின் மங்கலில், கேட்டுக்கு வெளியே, சக்கரம் முழுக்க ஏரிச் சேற்றோடு, சிவப்பாக அது நின்றது. எஞ்சின் ஓடவில்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

சுகிர்தா ஏறி உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கத்தில்.

“அப்பா!” என்று சிரித்தாள். “சீக்கிரம் வாங்கப்பா, போலாம்!”

அவள் தலை உயரத்தில் இருந்தது. கண்ணாடிக்கும் மேலே. எட்டிப் பார்க்க நின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைத்தான். நிற்கவில்லை. முட்டி மடங்கியிருந்தது. செருப்புப் போட்ட சின்னக் கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் ஒன்றுமே இல்லை.

வெள்ளைக் கவுன். இடுப்பில் இந்தப் பக்கம் ஐந்து மடிப்பு, அந்தப் பக்கம் ஐந்து மடிப்பு. துணி உள்வாங்கியிருந்தது.

அவன் கேட்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான்.

மடிப்புகள் இறுகின.