ஏழாம் அறையின் ஒன்பதுகள்

தன் மாணவர்களுக்கு மதிப்பெண் அதிகமாக விழுந்துவிட்டது என்று ஓர் ஆசிரியை புகார் கொண்டுவருவது, அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் திட்டமிடல், மதிப்பீட்டுத் துறை இயக்குநருக்கு இருபத்திரண்டு வருடச் சேவையில் முதல் முறை. வந்தவர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். நோயாளிகளோடும் அவர்களுடைய உறவினர்களோடும் எப்படிப் பேசுவது என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்து விரலால் தள்ளினார்.

"பன்னெண்டு பேருக்கும் பத்துக்கு ஒன்பது. என் பிள்ளைங்களை எனக்குத் தெரியாதா மேடம்? இதை நம்புறதுக்கு நான் என்ன காதுல பூவா வச்சிருக்கேன்?"

இயக்குநர் தாளைப் பார்த்தார். பல்கலைக்கழகம் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'அடிஸ்கேல்'. பேச்சும் அளவாகத்தான் வரும். மூலையில் கணினி முன் இருந்த புள்ளியியலாளர், எல்லோருக்கும் 'புள்ளி', வேலையை விட்டுவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஷயம் செவ்வாய்க்கிழமை நடந்த செய்முறைத் தேர்வு. பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு மாணவர்கள். முதல் எண் முதல் அறையில், இரண்டாம் எண் இரண்டாம் அறையில் என்று தொடங்குவார்கள். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். எல்லோரும் அடுத்த அறைக்கு நகர்வார்கள். பன்னிரண்டாம் அறையில் இருப்பவர் முதல் அறைக்குப் போவார். ஏழாம் அறையில் கொடுக்கப்பட்ட வேலை, இறப்புச் செய்தி சொல்வது. அறுவை சிகிச்சைக்குப் போன அக்கா பிழைக்கவில்லை என்பதை வெளியே காத்திருக்கும் தம்பிக்குச் சொல்லவேண்டும். நூலக ஊழியர் ஒருவர் தம்பியாக நடித்தார். மயக்க மருந்து டாக்டர் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார்.

மூன்றாம் எண் மாணவன் அந்த அறையில் வாயே திறக்கவில்லை என்றார் ஆசிரியை. நடித்தவரே அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: உள்ளே வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், இரண்டு நிமிடம் தரையைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான். எட்டாம் எண் மாணவிதான் அந்த அறைக்குப் போன கடைசி ஆள். வெளியே வந்து தாழ்வாரத்தில் அழுதவளுக்கு ஆசிரியைதான் தண்ணீர் கொடுத்தார். பேசாதவனுக்கும் 'தெளிவான சொற்கள்' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் விழுந்திருந்தது.

"நாளைக்குத் திட்டக் குழு கூடுது. இவ்வளவு நல்லாப் பேசுற பசங்களுக்கு வகுப்பு எதுக்குன்னு துணை முதல்வர் கேட்கப்போறார். வகுப்பை எடுத்துட்டு அந்த நேரத்தைப் புது ஆய்வகத்துக்குக் குடுத்துடுவார். எனக்கு ஒண்ணும் இல்ல, வேற பாடம் எடுப்பேன்." அவர் குரல் இறங்கியது. "போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டர், லிஃப்டுல வச்சு யார்கிட்டயோ சாவுச் செய்தியைச் சொல்லிட்டு, அடுத்த மாடியில இறங்கிப் போயிட்டானாம். இந்த வகுப்பு வர்றதுக்கு முன்னாடி படிச்சவன். இனிமே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ஆசிரியை எழுந்து போனார்.

புள்ளிக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பை மூட ஆசைப்படுபவர் ஒருவர்தான். ஒன்பதுகளால் லாபமும் அவருக்குத்தான். "துணை முதல்வர் கைவரிசை மேடம். பூனைக்குட்டி வெளிய வந்தாச்சு."

"ஏழாம் அறை மார்க் தாள் வந்த கவரை யார் பிரிச்சது?"

பிரித்தது புள்ளிதான். மதிப்பெண் போட்ட டாக்டரின் கையெழுத்தோடு சீல் அப்படியே இருந்தது. மற்ற பதினோரு கவர்களும் செவ்வாய் மதியமே வந்துவிட்டன. ஏழாம் அறைக் கவர் மட்டும் புதன் காலையில் வந்தது. அவசர அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயக்குநர் அசல் தாள்களைக் கேட்டார். வரிசை எண்படி அடுக்கியிருந்தவற்றை மேஜை முழுக்கப் பரப்பினார். ஒன்று முதல் எட்டு வரை கறுப்பு மை. ஏழாவதில் எழுத்து வெளிறத் தொடங்கி, எட்டாவதில் கையெழுத்து பாதியிலேயே கீறலாகியிருந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நீல மை.

"பேனா தீர்ந்திருக்கு, வேற பேனா எடுத்திருக்கார். இதுல என்ன இருக்கு?" என்றார் புள்ளி.

இயக்குநர் எட்டாம் தாளையும் ஒன்பதாம் தாளையும் அருகருகே வைத்தார். பிறகு, டாக்டரை வரச் சொல்லுங்கள் என்றார்.

அரைமணி கழித்து டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அலுவலகம் ஐந்தாம் மாடி. அவருக்குப் பின்னால் லிஃப்ட் மணியடித்துத் திறந்து, யாரும் இல்லாமல் மூடிக்கொண்டது. இயக்குநர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தார்.

"சார், இந்தத் தாள்களை அந்த அறையில நீங்க எழுதல."

டாக்டர் மறுக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள முயல்பவர்போலத் தாள்களைப் பார்த்தார்.

இயக்குநர் குரலை உயர்த்தாமல் விளக்கினார். ஏழாம் அறைக்கு முதலில் வந்தவர் ஏழாம் எண். மணி அடித்ததும் ஆறாம் அறையில் இருந்த ஆறாம் எண் வந்திருப்பார்; பிறகு ஐந்து, நான்கு என்று ஒன்று வரை. அதன்பின் பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது. கடைசியில் எட்டு.

"கறுப்புப் பேனா எட்டாம் தாள்ல தீர்ந்திருக்கு. ஆனா எட்டாம் நம்பர் போனதுக்கு அப்புறம் அந்த அறைக்கு வர்றதுக்கு ஆளே இல்ல. அப்புறம் நீலப் பேனாவால யாருக்கு எழுதினீங்க? ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரை ஒரே மூச்சுல, வேற எங்கயோ உட்கார்ந்து எழுதியிருக்கீங்க. சீல் உடையாததால, இதை வேற யாரும் எழுதியிருக்கவும் முடியாது."

துணை முதல்வர் புள்ளியின் மனதிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போனார்.

"வீட்டுல," என்றார் டாக்டர். "சாப்பாட்டு மேஜையில."

"ஏன்னு மட்டும்தான் எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்போ நீங்க அஞ்சு மாடி படியேறி வந்தீங்க." இயக்குநர் வெளியே லிஃப்ட் பக்கம் பார்த்தார். "லிஃப்டுல உங்ககிட்ட யாரைப் பத்திச் சொன்னாங்க சார்?"

டாக்டர் காலி டம்ளரை ஒரு சுற்றுத் திருப்பினார்.

"அக்கா. அம்மா மாதிரி வளர்த்தவ. மூணாவது மாடியில ஏறினேன். ரெண்டாவது மாடி வர்றதுக்குள்ள அவன் சொல்லி முடிச்சிட்டான்." நோயாளியின் குறிப்பை வாசிப்பதுபோல இருந்தது அவர் குரல். எந்த அறை, என்ன கேள்வி என்பதெல்லாம் தேர்வன்று காலையில்தான் தெரியும் என்றார். "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து, உங்க அக்கா போயிட்டாங்கன்னு சொன்னாங்க. எந்திரிச்சுப் போயிருக்கலாம். கால் வரல. வலியும் இல்ல. ஊசி போட்டுப் படுக்கவச்ச மாதிரி கிடந்தேன். யார் என்ன பேசினாங்கன்னு எதுவும் உள்ள போகல. பிள்ளைங்க பாதிக்கப்படக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒன்பது போட்டேன்."

அந்த ஒன்பதுகளால் நாளை எந்த வகுப்பு மூடப்படப்போகிறது என்பதை இயக்குநர் சொன்னார். டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. டம்ளரை மட்டும் தள்ளி வைத்தார்.

"அந்த லிஃப்டுல வந்தவனை மாதிரி ஆளுங்களை நானே அனுப்பிவைக்கப் பார்த்திருக்கேன்," என்றார்.

காகிதம் கேட்டு வாங்கினார். செவ்வாய்க்கிழமை ஏழாம் அறையில் தான் யாரையும் மதிப்பிடவில்லை என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். எழுந்தவர், பரப்பியிருந்த தாள்களில் மூன்றாவதன்மேல் கைவைத்தார்.

"ஒருத்தன் மட்டும் ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருந்தான். அவனை ஞாபகம் இருக்கு. இப்பக் கேட்டாலும் அவனுக்கு ஒன்பதுதான் போடுவேன்."

"இந்தத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

"தெரியும்," என்றுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். இயக்குநர் அவரோடு கீழ்த்தளம் வரை இறங்கிப் போய்விட்டு வந்தார். வழியில் இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் குழுவில் கடிதத்தை டாக்டரே வாசித்தார். லிஃப்டைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னார். துணை முதல்வர் கோப்பை மூடிவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்தார். வகுப்பு இருக்கட்டும் என்று முடிவானது. ஏழாம் அறைக்கு மட்டும் அடுத்த மாதம் மறுதேர்வு. ஆசிரியை நன்றி சொல்ல வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் மழைக்கோட்டை மறந்துவைத்துவிட்டுப் போனார்.

அறிக்கையைத் திருத்த உட்கார்ந்தார் புள்ளி. திரையில் பன்னிரண்டு ஒன்பதுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுடவா மேடம்?"

"பூஜ்யம்னா அளந்து பார்த்தோம்னு அர்த்தம். காலியா விடுங்க."

புள்ளி மேலிருந்து அழித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கட்டத்தில் அவர் விரல் நின்றது. திரும்பிப் பார்த்தார்.

இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அதுவும்தான்," என்றார்.