கூலி வாங்காத கைகள்

"நம்ம கூரைக்குத் தெனமும் தண்ணி விடுறது யாரும்மா?"

ஏழு வயதில் எஸ்தர் கேட்ட கேள்வி. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா காய்ச்சலில் கிடந்தாள். புதுக் கான்கிரீட் இரண்டு வாரம் ஈரம் காயாமல் இருந்தால்தான் விரிசல் விடாது. யாரோ விடியுமுன் வந்து நனைத்துவிட்டுப் போனார்கள். "ஆண்டவரு அனுப்புன ஆளுட்டி" என்றாள் அம்மா. யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

இன்று எஸ்தர் அதே ஊரில், தூத்துக்குடியில், மனைக்கணிப்பான் என்ற மதிப்பீட்டு இயந்திரத்தை இயக்குகிறாள். அதன் மூன்று கால்களையும் மனையில் ஊன்றி நிறுத்தினால் போதும். அஸ்திவாரம் எத்தனை அடி இறங்கும், அடுத்த மாதம் கம்பி என்ன விலை, ஐப்பசி மழையில் எத்தனை நாள் வேலை கெடும், கோயில் கொடியேற்றத்துக்குக் கொத்தனார் எத்தனை நாள் வரமாட்டார், எல்லாம் சொல்லிவிடும். பதினோரு வருடத்தில் ஒரு வீட்டிலும் அது நூறு ரூபாய்கூடப் பிசகியதில்லை. வங்கியும் அது சொன்ன தொகையைத்தான் கடனாகக் கொடுக்கும், ஒரு ரூபாய்கூட அதிகம் தராது.

உப்பளத் தொழிலாளி சூசை அண்ணாச்சி மதிப்பீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். 'கூலி வாங்காத கைகள்: கழிவு இருபத்தோராயிரம்.'

"இதென்னம்மா, கழிச்சிருக்கு?"

"நாப்பதாயிரம் வீட்டைப் பார்த்துப் படிச்ச மெஷின் அண்ணாச்சி. எந்த வீட்டுலயும் யாராவது ஒருத்தர் சும்மா வந்து ஒத்தாசை பண்ணியிருக்காங்க. அதைக் கழிச்சுதான் கணக்குப் போடும்."

"எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

கூரை போட்டார்கள். அண்ணாச்சி உப்பளத்தில் கட்டுவதுபோலவே அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். மறுநாளே அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல். நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"ஆள் வைக்கக் கையில ஒண்ணுமில்லம்மா. கூரை வெடிச்சிட்டா நான் எந்திரிக்கவே முடியாது."

எஸ்தர் அண்ணாச்சியின் எதிர்வீட்டுக்காரரிடம் போய், கூரைக்குத் தண்ணீர் விட முடியுமா என்று கேட்டாள்.

"அதான் மெஷினே எழுதிருச்சே, யாராவது வருவாங்கன்னு!" என்றார் அவர். பக்கத்து வீட்டிலும் அதே பதில். முன்பெல்லாம் யாரும் வரமாட்டார்களோ என்ற பயத்தில் ஒருவராவது குடத்தைத் தூக்கினார். இப்போது வருவார்கள் என்று அச்சிலேயே இருந்தது. தெரு முழுவதும் அந்த யாரோ ஒருவருக்காக நிம்மதியாகக் காத்திருந்தது. பாத்தியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியுமுன் எஸ்தர் பின்பக்க ஏணியில் ஏறினாள். பதினான்கு நாளும் ஏறினாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இறங்கிவிடுவாள்.

வீடு முடிந்தது. மதிப்பீடும் செலவும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தன. "என்னா மெஷின்யா!" என்று தெருவே வியந்தது. மனைவியோடு திரும்பியிருந்த அண்ணாச்சி, விரிசலில்லாத கூரையை அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து எஸ்தர் முடிப்பு அறிக்கையைத் திறந்தாள். 'கூலி வாங்காத கைகள்: பெயர்?' என்று கேட்டது கணிப்பான். பழைய நாற்பதாயிரம் வீடுகளின் பதிவுகளைப் புரட்டினாள். அநேகமாக எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் காலி. தன் அம்மா வீட்டிலும் காலி.

அவளும் அதைக் காலியாகவே விட்டு, அறிக்கையை மூடினாள்.