தோள் தொட்டு எண்ணியவன்

மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுப் பின்பக்கப் புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகளும் சமையலறைக் கதவு வழியாக ஓடி வந்தார்கள். கதவோரம் நின்ற வெண்டல் ப்ராக்டர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினான். ஐந்து வந்தது.

"ஏம்ப்பா, நாங்க என்ன ஆட்டு மந்தையா?" என்று அவனுடைய ஒன்பது வயது மகள் டெஸ் தோளைச் சிலுப்பிக்கொண்டு போனாள். கூட வந்த மூன்று தோழிகளும் சிரித்தார்கள்.

பத்தொன்பது வருடம் அமெரிக்கச் சிறப்புப் படையில் இருக்கிறான் வெண்டல். ஊர் ஊராகப் போய் அந்நியப் படைகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுப்பது அவன் பிழைப்பு. ரோந்து முடிந்து வருகிறவர்களை முகாம் வாசலில் தோள் தொட்டு எண்ணி உள்ளே விடுவது முதல் பாடம். இருட்டில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பான். படைமுகாம் ஊரான ஃபேயட்வில்லில் பாதி வீட்டு அப்பன்மாருக்கு இந்த வியாதி உண்டு.

ஐந்தாவது தோள் அவன் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. எலும்பும் முரட்டுத் துணியுமாக, வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தது. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். வெயிலில் இரண்டு நாள் கிடந்த இறைச்சியின் வாடை, அதன் மேல் கிணற்றுப் பாசியின் வாடை. சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்தும் நகக்கண்ணில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது.

அந்த வாடை அவனுக்குத் தெரியும். மார்ச் மாதம், பாலைவன நாட்டில், அவன் தயார் செய்த படை ஒரு கிணற்றடிக் குடியிருப்பிலிருந்து பதினேழு பேரைக் கட்டி இழுத்து வந்தது. அவன்தான் தோள் தொட்டு எண்ணி உள்ளே விட்டான். கையைப் பின்னால் கட்டி, சுவரைப் பார்த்து மண்டியிட வைப்பது வரை அவன் சொல்லிக்கொடுத்தது. மிச்சத்தை அவர்களே படித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அந்தக் குடியிருப்புக் கிணற்றில் கிடந்த உடல்களை எட்டிப் பார்த்து வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, கைதிகள் யாரும் பிடிபடவில்லை என்று அறிக்கை எழுதினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை அது. இப்போது விசாரணை வந்திருக்கிறது; அதே பொய்யை உறுதிசெய்யும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

ஐந்து மணிக்குத் தோழிகளின் அம்மாக்கள் வந்தார்கள். வாசலைத் தாண்டிப் போனவை மூன்று தோள்கள். அவன் கையில் ஒன்றன்பின் ஒன்றாக உரசி உள்ளே வந்தவை பதினாறு. கூடத்தில் யாருமில்லை. கம்பளம் மட்டும் வரிவரியாக ஈரமாகிக்கொண்டு போனது.

போன் அடித்தது. அவனுடைய மேலதிகாரி கேப்டன் ஹாலிஸ்.

"யோவ் வெண்டல், கையெழுத்துப் போட்டாச்சா? ஆறு மணிக்குள்ள வேணும்னு மேலேருந்து குடையுறானுங்க."

"கேப்டன், பதினேழு பேரு. எண்ணினவன் நான்."

"எண்ணினதெல்லாம் போதும். வாயத் தொறந்தா ரெண்டு பேரும் சேந்து கம்பிதான் எண்ணணும். உம் பொண்ண மாசத்துக்கு ஒருவாட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்ப. வேணுமா?"

"இங்க வீட்டுல ஒரே நாத்தம் கேப்டன்."

"ஜன்னலத் தொற. போட்டு அனுப்பு."

உண்மையைச் சொன்னால் இந்தத் தோள்கள் போய்விடும் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்தது. ஆனாலும் போன் திரையில் விரலால் கையெழுத்தைக் கீறி அனுப்பினான். டெஸ்ஸுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டான். பிள்ளை பேரைச் சொல்லி எந்தக் கேவலத்தையும் விழுங்கிவிடலாம்.

நாற்றம் சட்டென்று நின்றது. பெருமூச்சு விட்டான். அப்புறம்தான் வீட்டில் சத்தமே இல்லை என்று உறைத்தது.

"டெஸ்?"

தேடிப் போனான்.

மாடியில் இல்லை. குளியலறையில் இல்லை. கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

சுவரைப் பார்த்து ஒரு வரிசை. மண்டியிட்ட முதுகுகள். எதுவும் மூச்சு விடவில்லை. கடைசியில் ஒரு சின்ன முதுகு, மஞ்சள் பூப்போட்ட சட்டை. கைகள் பின்னால் கட்டியிருந்தன.

"அப்பா, எப்படி உக்காரணும்னு இவங்க காட்டினாங்க. திரும்பக் கூடாதாம்."

ஓடிப்போய் அவளைத் தூக்க நினைத்தான். கால்கள் வேறெங்கோ போயின. வரிசைக்குப் பின்னால், ஐந்தடி தள்ளி, பயிற்சி கொடுப்பவன் நிற்கிற இடத்தில் போய் நின்றன.

அவனுக்கும் பின்னால் துப்பாக்கிகளின் விசைகள் வரிசையாகச் சொடுக்கின.

"ரெடி, வாத்தியாரே," என்றது அவனிடம் படித்த சிப்பாய் ஒருவனின் குரல், மரியாதையாக.

அவனுடைய வலது கை தானாக மேலே உயர்ந்திருந்தது. அதை இறக்கினால் ஆரம்பம் என்று அர்த்தம். எல்லாப் பயிற்சியையும் அவன் அப்படித்தான் தொடங்கிவைப்பான். இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

டெஸ் சமர்த்தாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தான்; அது கனத்துக்கொண்டே போனது.